மேட்டில் ஏறிய கத்தரி

காலையில் தலை நிமிர்ந்து நின்ற கத்தரிச்செடி நண்பகலில் தொங்கிப்போகிறது. வெயில் தாங்கவில்லை என்று நினைத்து விவசாயி தண்ணீர் ஊற்றுகிறார். மாலையில் செடி மறுபடி நிமிர்ந்து அவரை ஏமாற்றுகிறது. இப்படி இரண்டு மூன்று நாள். அதன்பின் எழுந்திருப்பதில்லை. இலையில் மஞ்சள் இல்லை, புள்ளி இல்லை, பூச்சி அரித்த தடமும் இல்லை. செடி பச்சையாகவே செத்துப்போகிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, ஒரு கண்ணாடி டம்ளர் போதும். வாடிய செடியின் அடித்தண்டில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி, தெளிந்த தண்ணீரில் முனை மட்டும் நனையும்படி அசையாமல் பிடிக்க வேண்டும். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போல ஒரு வெண்ணிற இழை இறங்கித் தண்ணீரில் கரையும். அந்த இழை முழுக்கப் பாக்டீரியா, லட்சக்கணக்கில். ரால்ஸ்டோனியா என்பது அதன் பெயர். பூஞ்சையால் வாடிய செடியில் இந்தப் பால் வடியாது.

அந்தமான் தீவுகளில் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் சாய்க்கும் முதல் எதிரி இந்தப் பாக்டீரியா வாடல் நோய்தான். 1896-இல் அமெரிக்க அறிஞர் எர்வின் ஸ்மித் இதை முதன்முதலாக விவரித்தார். அதற்குப் பிறகு அறிவியல் உலகம் நான்கைந்து தடவை இதற்குப் பெயர் மாற்றிவிட்டது. இது மட்டும் தன் தொழிலை மாற்றிக்கொள்ளவில்லை. வேர் கிளைக்கும் இடத்தில் விடும் நுண்ணிய வெடிப்பு, நூற்புழு கடித்த வாய், களைக்கொத்து பட்ட காயம் எதுவாக இருந்தாலும் அதன் வழியே உள்ளே போகிறது. தண்ணீர் ஏறும் குழாய்களில் பெருகிப் பிசின் போன்ற ஒரு கோழையைச் சுரந்து அவற்றை அடைத்துவிடுகிறது. மண்ணில் ஈரம் நிறைந்திருந்தும் செடி தாகத்தால் சாகிறது. 50-க்கும் மேற்பட்ட தாவரக் குடும்பங்களைச் சேர்ந்த 200-க்கும் மேற்பட்ட இனங்களில் இது குடியேறும். இஞ்சி, வாழை, உருளை, நிலக்கடலை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அறிகுறி எதுவும் காட்டாத களைச்செடிகளின் வேரில் பதுங்கி அடுத்த பருவத்துக்காகக் காத்திருக்கவும் தெரியும்.

சூடும் ஈரமும் சேர்ந்த மண் இதற்குத் தாய்வீடு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, அதாவது சென்னையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், மே மாதத்தில் தொடங்கி டிசம்பர் வரை அந்தமானில் கொட்டுகிறது. வெப்பம் ஆண்டு முழுவதும் 23 முதல் 31 டிகிரிக்குள் நிற்கிறது. சுண்ணாம்பையும் மற்ற உப்புகளையும் மழை கழுவிக்கொண்டு போவதால் மண் பெரும்பாலும் புளித்துக் கிடக்கிறது. நோய்க் கிருமியை வளர்க்க ஒருவர் பண்ணை அமைக்க விரும்பினால் இதைவிடத் தோதான இடம் தேடிப்பிடிப்பது கடினம்.

இத்தனைக்கும் தீவுக்குக் காய்கறி என்பது வெறும் விவசாயச் சரக்கு அல்ல. இங்கு விளையாதது சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ விசாகப்பட்டினத்திலிருந்தோ கடல் தாண்டித்தான் வர வேண்டும். சென்னைக் கப்பல் சுமார் 1,200 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய மூன்று நாள் எடுக்கும். புயல் சின்னம் உருவாகிக் கப்பல் நின்றுவிட்டால் சந்தையில் தக்காளி விலை எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. 1960-களில் கிழக்கு வங்க அகதிகள் குடியேறிய நீல் தீவுக்கு (2018 முதல் ஷஹீத் துவீப்) தீவுகளின் காய்கறித் தோட்டம் என்றே பெயர். நீல் தீவில் ஒரு வயல் வாடினால் போர்ட் பிளேரில், இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், ஒரு சமையலறைக்கு அது தெரிந்துவிடும்.

இனி ஒரு பெருந்தாவல். மண்ணில் ஒளிந்திருக்கும் நோய்களோடு மனிதர்கள் அதிகப் பணம் செலவழித்துப் போரிட்ட பயிர் எது என்று கேட்டால், கத்தரியைவிட ஸ்ட்ராபெரியைச் சொல்வதுதான் பொருத்தம். போர்க்களம் கலிபோர்னியா. வெர்ட்டிசிலியம் என்ற பூஞ்சை அங்கே தோட்டங்களை வாட்டிக்கொண்டிருந்தபோது, 1950-களில் பெர்க்லி ஆய்வாளர் ஸ்டீபன் வில்ஹெல்மும் அவரைச் சார்ந்தவர்களும் மண்ணுக்குள் நச்சு வாயு செலுத்தும் முறையை வளர்த்தெடுத்தார்கள். குளோரோபிக்ரின், மெத்தில் புரோமைடு இரண்டையும் கலந்து செலுத்தி மேலே பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டால் பூஞ்சை, நூற்புழு, களைவிதை எல்லாம் ஒரே மூச்சில் ஒழியும். விளைச்சல் எகிறியது. ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் ஸ்ட்ராபெரி போடும் துணிச்சலும் அப்போதுதான் வந்தது. பயிர்ச்சுழற்சி என்ற பழைய பாடத்தை மறந்துவிடலாம் என்று தோன்றிய காலம் அது.

அந்த வாயு மேலே போய் ஓசோன் படலத்தைத் தின்றது. 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையின் பட்டியலில் மெத்தில் புரோமைடு 1992-இல் சேர்க்கப்பட்டது. வளர்ந்த நாடுகள் 2005-க்குள் அதைக் கைவிட வேண்டும் என்று கெடு வைத்தார்கள். கலிபோர்னிய ஸ்ட்ராபெரிக்காரர்களோ வேறு வழியில்லை என்று ஆண்டுக்காண்டு விலக்குக் கேட்டு 2016 வரை இழுத்தார்கள். இடையில் மெத்தில் அயோடைடு என்ற மாற்று வந்தது. 2010-இன் இறுதியில் அனுமதி கிடைத்தது. தொழிலாளர்களின் உடல்நலம் பற்றிய எதிர்ப்பு வலுக்க, 2012 மார்ச்சில் நிறுவனமே அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. வாயுவின் பிடி தளர்ந்த வயல்களில் மேக்ரோபோமினா, ஃபியூசேரியம் என்று அதுவரை பெரிதாகத் தலைகாட்டாத பூஞ்சைகள் எழுந்தன.

வேறு வழி தேடிய அறிவியல் போய்ச் சேர்ந்த இடம்தான் வேடிக்கையானது. 2000-ஆம் ஆண்டையொட்டி நெதர்லாந்திலும் ஜப்பானிலும் தனித்தனியாக ஒரே உத்தி உருவாயிற்று. கலிபோர்னியாவில் கரோல் ஷென்னன், ஜோஜி முரமோட்டோ போன்றோர் அதை ஸ்ட்ராபெரிக்கு ஏற்றபடி மாற்றினார்கள். மண்ணில் அரிசித்தவிட்டைக் கலக்க வேண்டும். ஏக்கருக்கு 6 முதல் 9 டன் வரை. பாத்தியைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் தாளால் மூடிச் சொட்டுநீர்க் குழாய் வழியே மண் நிறையத் தண்ணீர் விட வேண்டும். தவிட்டைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பிறகு காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கோலோச்சும். அவை வெளியிடும் அசிட்டிக், பியூட்ரிக் அமிலங்களும், வேதிமாற்றம் அடைந்த இரும்பும் மாங்கனீசும் நோய்ப்பூஞ்சைகளைச் சாகடிக்கும். மூன்று வாரம் கழித்துத் தாளில் துளை போட்டு நாற்று நடலாம்.

தொழி உழவு செய்த தஞ்சாவூர் விவசாயி ஒருவரிடம் இதைச் சொன்னால் சிரித்துவிடுவார். தழை மிதித்து, தண்ணீர் கட்டி, சேறு குழப்பி, மண் நாறும்வரை விட்டுவைப்பதற்குப் பெயர் நெல் வயல். கோடி கோடியாகச் செலவழித்த ஆய்வு, ஸ்ட்ராபெரிப் பாத்திக்குள் மூன்று வாரத்துக்கு ஒரு நெல் வயலை உண்டாக்கியிருக்கிறது. இதில் ஏளனம் செய்ய ஒன்றுமில்லை. எந்த வெப்பத்தில், எத்தனை நாள், எந்த நோய் மடியும் என்று அளந்து சொன்னது அந்த ஆய்வுதான். குளிர்ந்த கடற்கரை மண்ணில் தவிடு வெர்ட்டிசிலியத்தை அடக்குகிறது. ஃபியூசேரியத்துக்கோ அதே தவிடு சில சமயம் விருந்தாகிவிடுகிறது, அதை ஒழிக்க மண் இன்னும் சூடாக இருக்க வேண்டும் என்பதும் அப்படித் தெரியவந்ததுதான்.

தண்ணீர் கட்டி நோயைக் கொல்லும் எண்ணம் வாழைக்காரர்களுக்கும் முன்பே தோன்றியிருக்கிறது. பனாமா வாடல் நோய் மத்திய அமெரிக்கத் தோட்டங்களை அழித்தபோது ஹோண்டுராஸில் பெருங்கம்பெனிகள் கரை எழுப்பி, நிலத்தை மாதக்கணக்கில் ஏரியாக்கி வைத்தன. நோய் அடங்கியது, சில ஆண்டுகளில் திரும்பியும் வந்தது.

இந்தக் கண்ணாடியில் அந்தமானைப் பார்த்தால் ஒரு விஷயம் துலங்குகிறது. பள்ளத்தாக்குகளில் மழைக்காலம் முழுவதும் நெல். அறுவடை முடிந்து சனவரியில் தொடங்கும் நாலைந்து மாதக் கோடையில் அதே நிலத்தில் காய்கறி. கலிபோர்னியாக்காரர் பிளாஸ்டிக்கும் தவிடும் வாங்கிச் செய்வதை இங்கே பருவமழை இலவசமாகச் செய்துவிட்டுப் போகிறது. சேற்று நெல்லுக்குப் பின் நட்ட தக்காளியில் பாக்டீரியா வாடல் குறைவாக இருப்பது தென்கிழக்கு ஆசியாவிலும் கவனிக்கப்பட்ட ஒன்று. அப்படியானால் தீவில் இந்த நோய் ஏன் இத்தனை ஆட்டம் போடுகிறது?

தண்ணீர் தேங்கினால் கிருமியைக் கொல்லும். ஓடினால் அதையே சுமந்து செல்லும். 1995-இல் நெதர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களில் ரால்ஸ்டோனியா வெடித்தபோது, ஆற்றோரம் வேர்களைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு நிற்கும் காட்டுச்செடி ஒன்று அதற்கு இருப்பிடமாக இருந்ததும், அந்த ஆற்று நீரைப் பாய்ச்சிய வயல்களுக்கு நோய் இறங்கியதும் தெரியவந்தன. அந்தக் காட்டுச்செடியும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மேற்பரப்பு நீரைப் பாசனத்துக்கு எடுப்பதற்கே அங்கே தடை போட்டார்கள். அந்தமானின் சரிவு நிலங்களில் மேல்வயலின் வாடிய செடியைத் தழுவிய மழைநீர் நேரே கீழ்வயலுக்கு வருகிறது. மேட்டுநிலத்தில் நெல் கிடையாது. தண்ணீர் நிற்கவும் நிற்காது. வீட்டுத் தோட்டத்திலோ கத்தரியை அடுத்து மிளகாய், மிளகாயை அடுத்துத் தக்காளி என்று ஒரே குடும்பம் சுற்றிச் சுற்றி வருகிறது. கிருமியின் பார்வையில் மூன்றும் ஒரே சாப்பாடுதான்.

ஆகவே இங்கே கேள்வி எந்த மருந்தை ஊற்றுவது என்பதல்ல. தண்ணீரை எங்கே நிறுத்துவது, வேரை எந்த உயரத்தில் வைப்பது என்பதே கேள்வி. தீவு இதற்குக் கண்ட விடை ஒரு பெருந்துயரத்துக்குப் பின் பரவலானது. 2004 டிசம்பர் 26-இல் வந்த நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் அமிழ்ந்தது. போர்ட் பிளேரை அடுத்த சிப்பிகாட்டில் நெல் விளைந்த நிலத்தில் கடல்நீர் வந்து தங்கிவிட்டது. முழுகாமல் தப்பிய வயல்களிலும் சுனாமி விட்டுப்போன உப்பு. 1978-இல் தொடங்கப்பட்டு காராச்சர்மாவில் இயங்கும் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இந்த நிலங்களுக்கு அகலப் பாத்தி–பள்ள முறையைப் பரிந்துரைத்தது. ரவிசங்கர், வேல்முருகன், சுவர்ணம் போன்ற ஆய்வாளர்களின் பெயர்கள் இந்த முறை பற்றிய எழுத்துகளில் தொடர்ந்து வருகின்றன.

முறை எளிது. வயலின் ஒரு பட்டையிலிருந்து மண்ணை வெட்டிப் பக்கத்துப் பட்டையில் ஏற்ற வேண்டும். சில மீட்டர் அகலத்தில் ஒரு மேடு, அதை ஒட்டி ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழப் பள்ளம், மறுபடி மேடு. பள்ளத்தில் மழைநீர் தேங்கும். அதில் நெல் நடலாம், மீன் விடலாம். மேட்டில் கொட்டும் மழை உப்பைக் கழுவிப் பள்ளத்துக்குத் தள்ளும். மழைக்காலத்திலும் மேட்டின் மேல் காய்கறி போடலாம் என்பதுதான் விவசாயிக்குக் கிடைத்த பெரிய லாபம், ஏனென்றால் காய்கறிக்கு நல்ல விலை கிடைப்பது அப்போதுதான். உப்புக்காகவும் வடிகாலுக்காகவும் எழுந்த இந்த மேடு, வேரழுகலுக்கும் வாடலுக்கும் எதிரான அரணாகவும் ஆனது. நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியமும் பைட்டோப்தோராவும் தண்ணீரில் நீந்திப்போய் வேரைத் தொற்றுபவை. மேட்டில் அந்த நீச்சலுக்கு வழியில்லை. மகாராஷ்டிரத்தின் மகாபலேஸ்வரத்தில் செம்மண்ணை உயர்த்திப் பாத்தி கட்டி, பிளாஸ்டிக் மூடாக்கு விரித்து ஸ்ட்ராபெரி நடுவதன் பின்னணியிலும் பாதிக்கு மேல் இதே கணக்குதான்.

மேட்டில் ஏற்றினாலும் ரால்ஸ்டோனியா முழுதாக விடுவதில்லை. அடுத்த அரண் செடிக்குள்ளேயே இருக்க வேண்டும். காராச்சர்மா நிறுவனம் வாடலைத் தாங்கும் ‘காரி கத்தரி–1’ ரகத்தை வெளியிட்டிருக்கிறது. அந்தமானைப் போலவே மழையும் புளித்த மண்ணும் கொண்ட கேரளத்தில் வேளாண் பல்கலைக்கழகம் இந்த ஒரு நோயை மனத்தில் வைத்தே ஒரு குடும்பத்தை உருவாக்கியது: கத்தரியில் சூர்யா, ஸ்வேதா, ஹரிதா, தக்காளியில் சக்தி, முக்தி, அனகா, மிளகாயில் உஜ்வலா, அனுக்ரகா. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் தக்காளி, வாடலோடு இலைச்சுருட்டு வைரஸையும் முன்பருவக் கருகலையும் சேர்த்துத் தாங்குவது. இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிடுவது சுலபம். ஓர் ஊரின் பாக்டீரியாவைத் தாங்கிய ரகம் இன்னோர் ஊரின் பாக்டீரியாவிடம் தோற்பதுண்டு. அதற்கும் மேலே, தீவு மக்களின் நாக்குக்குப் பிடித்த நிறமும் வடிவமும் ரகத்தில் இல்லையென்றால், எவ்வளவு எதிர்ப்புச் சக்தி இருந்தாலும் அது சந்தையில் விலை போகாது.

நாக்கையும் வேரையும் பிரித்துவிட்டால் என்ன? அதுதான் ஒட்டுக் கட்டுதல். தமிழ்ச் சமையலறைக்கு வற்றலாக அறிமுகமான சுண்டை இங்கே கதாநாயகன். அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்து நம் வேலியோரங்களில் சொந்தம்போல் வளர்ந்துவிட்ட இந்தச் செடியின் வேர், பாக்டீரியா வாடலையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் ஒருங்கே எதிர்த்து நிற்கும். சுண்டை நாற்றின் தலையை வெட்டிப் பிளந்து, மக்கள் விரும்பும் கத்தரி நாற்றின் நுனியை ஆப்புபோல் சீவிச் செருகி, சிறு கிளிப் மாட்டி, ஈரப்பதம் மிகுந்த நிழல் கூண்டில் ஒரு வாரம் வைத்தால் இரண்டும் கூடிவிடும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சுண்டையில் ஒட்டிய கத்தரி நாற்றுகளைப் பரப்பி வருகிறது. தக்காளிக்குச் சுண்டை அவ்வளவாக ஒத்துவராது. அதற்கு தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் தேர்ந்தெடுத்த வேர்ச்செடி ஒரு கத்தரி: ஈ.ஜி.203. வாடலைத் தாங்குவதோடு சில நாள் வேர் நீரில் மூழ்கிக் கிடந்தாலும் அது பிழைத்துக்கொள்ளும். வெள்ளத்தில் தக்காளியைக் கத்தரி காப்பாற்றும் இந்த ஏற்பாடு அந்தமானின் மழைக்காலத்துக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. மிளகுக்கும் இதே தந்திரம் உண்டு. தண்டடி அழுகலை எதிர்க்கும், சதுப்பில் வளரும் தென்னமெரிக்க மிளகினம் ஒன்றின் மேல் நம் மிளகுக்கொடியைக் கேரளத்தில் ஒட்டுகிறார்கள்.

மண்ணுக்குள் எதிரிகள் மட்டும் வசிப்பதில்லை. தீவின் தக்காளி, மிளகாய்ச் செடிகளின் திசுக்களுக்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர்கள் காராச்சர்மா நிறுவனத்தைச் சேர்ந்த அமரேசன், ஜெயக்குமார், கிருஷ்ண குமார் ஆகியோரும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தாஜுதீனும். 2012-இல் வெளிவந்த அவர்களது கட்டுரைப்படி, அவற்றில் சில நாற்றின் வளர்ச்சியைக் கூட்டின, நோய்ப்பூஞ்சைகளை எதிர்க்கவும் செய்தன. கடல் கடந்து பொட்டலமாக வரும் நுண்ணுயிர் உரத்துக்கு இந்த மண் புதிது, இந்த மழை புதிது. உள்ளூரில் பிறந்ததற்கு அந்தச் சிரமம் குறைவு. தமிழ்நாட்டில் நோயை எதிர்க்கும் டிரைக்கோடெர்மா விரிடி பூஞ்சையையும், கோவையில் தேர்ந்தெடுக்கப்பட்ட சூடோமோனாஸ் பாக்டீரியாவின் பி.எஃப்.1 வகையையும் ஹெக்டேருக்கு இரண்டரை கிலோ எடுத்து 50 கிலோ தொழுஉரத்தில் கலந்து இடச் சொல்வார்கள். தீவிலும் அதைச் செய்யலாம். ஆனால் வெயிலில் காய்ந்த கப்பல் தளத்திலும் கிடங்கிலும் வாரக்கணக்கில் கிடந்த பொட்டலத்துக்குள் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்று பார்க்காமல் வாங்குவது நுண்ணுயிரைச் சுமக்கும் வெறும் டால்க் பவுடருக்குப் பணம் கொடுப்பதற்குச் சமம்.

இதில் சட்டத்தின் கோணமும் ஒன்று உண்டு. 2021-இல் கார் நிகோபார், நன்கௌரி தீவுக்கூட்டங்களில் 14,491 ஹெக்டேர் நிலம் இயற்கை விவசாயப் பரப்பாகச் சான்று பெற்றது. பெரும்பரப்புச் சான்றளிப்புத் திட்டத்தில் நாட்டிலேயே முதலாவது அது. அங்கே ரசாயன மருந்துக்கு இடமில்லை. மேடு, ஒட்டு, நுண்ணுயிர், செண்டுமல்லி, மக்கிய தென்னைநார்க் கழிவு போன்றவையே கையிருப்பு. செண்டுமல்லியின் வேரிலிருந்து கசியும் நஞ்சு வேர்முடிச்சு நூற்புழுவை ஒடுக்கும், பூவும் விற்கும். வேப்பம்புண்ணாக்கும் நூற்புழுவுக்கு நல்ல மருந்துதான். மூட்டை விலையோடு கப்பல் கூலியும் சேரும்போதுதான் அது கசக்கிறது.

மண்ணிலிருந்து வரும் எதிரிகளில் ஒன்றைக் காண நுண்ணோக்கி தேவையில்லை. உள்ளங்கை அகல ஓட்டோடு இரவில் ஊர்ந்து வரும் ஆப்பிரிக்கப் பெருநத்தை அது. 1847-இல் மொரீஷியஸிலிருந்து வில்லியம் பென்சன் என்ற நத்தை ஆர்வலர் கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்த சிலவற்றிலிருந்து இந்தியாவில் இதன் கதை தொடங்குகிறது. அந்தமானுக்கு இது 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது வந்ததாகச் சொல்லப்படுகிறது. ஆக்கிரமித்தவர்கள் போய்விட்டார்கள், நத்தை தங்கிவிட்டது. பகலில் மண்ணிலும் சருகிலும் ஒளிந்திருந்து, ஒரு தடவைக்கு நூறுக்கு மேல் முட்டைகளை மண்ணுக்குள் இட்டு, இரவில் நாற்றங்காலை மொட்டையடிக்கிறது. தின்பதோடு நிற்பதுமில்லை. பைட்டோப்தோராவின் வித்துகள் இதன் குடலைக் கடந்து எச்சத்தில் உயிரோடு வெளிவருவதை கோகோ, மிளகுத் தோட்டங்களில் கண்டிருக்கிறார்கள். வேரழுகலை மேட்டுக்கு வரவிடாமல் தடுத்த விவசாயியை, அதைச் சுமந்துகொண்டு மேட்டின் மேல் ஏறும் இந்தப் பிராணி தோற்கடித்துவிடும்.

இதை ஒழிக்க வேறு நாடுகளில் செய்த புத்திசாலித்தனம் படுதோல்வியில் முடிந்தது. ஹவாயில் 1955-இலும் பிரெஞ்சு பாலினேசியாவின் மூரியாவில் 1977-இலும் நத்தை தின்னும் நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். பெருநத்தையை விட்டுவிட்டு உள்ளூர்ச் சிறு நத்தைகளைத் தின்று பல இனங்களை அது அடியோடு அழித்தது. வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் ஏராளமாக வாழும் அந்தமானில் அந்த வழியை நினைத்துப் பார்ப்பதும் ஆபத்து. மிஞ்சுவது பழைய வழிதான். ஈரச் சாக்கை மாலையில் விரித்து அதன் கீழே பப்பாளி இலை, முட்டைக்கோசுக் கழிவு வைத்தால் விடியலில் நத்தைகள் அங்கே கூடியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி, வாளி உப்புத்தண்ணீரில் போட வேண்டும். மூளையைத் தாக்கும் ஒரு புழுவை இவை சுமக்கக்கூடும் என்பதால் கையுறை கட்டாயம். உப்பை நேரே வயலில் தூவுவதோ, சுனாமி உப்பைக் கழுவ ஆண்டுக்கணக்கில் காத்திருந்த மண்ணுக்குச் செய்யும் துரோகம்.

தீவு என்பதில் ஒரு கெடுதல் உண்டென்றால் ஒரு வசதியும் உண்டு. வாசல்கள் குறைவு. வாசல் காக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1961-இல் ஊட்டியில் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் உருளைக்கிழங்கு வேரில் கடுகைவிடச் சிறிய பொன்னிற உருண்டைகளைக் கண்டார். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான முட்டைகள் அடங்கிய தங்க நூற்புழுக் கூடு. பயிரே இல்லாவிட்டாலும் அந்த முட்டைகள் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடிருக்கும். நீலகிரியிலிருந்து விதை உருளை வெளியே போவதற்குத் தடை வந்தது. 1985-இல் குஃப்ரி ஸ்வர்ணா என்ற எதிர்ப்பு ரகம் வந்தது. நூற்புழு இன்னும் போகவில்லை. ஒருமுறை மண்ணுக்குள் வந்துவிட்டவரை வெளியேற்ற அரை நூற்றாண்டு போதவில்லை.

நடவுச்செடியும் ஒரு வாசல்தான். மகாபலேஸ்வர ஸ்ட்ராபெரியின் தாய்ச்செடிகள் வெளிநாட்டிலிருந்து வருபவை. வாய் (Wai) என்ற ஊர்ப் பகுதியில் அவற்றின் ஓடுகொடிகளிலிருந்து நாற்றெடுத்து வயல்களுக்குப் பிரிக்கிறார்கள். ஒரு தாய்ச்செடியின் வேரில் தொற்று இருந்தால் நூறு வயலுக்கு அது பங்கு போய்விடும். அந்தமானில் இந்த வேலையை விதை இஞ்சி செய்கிறது. வெளியே பளபளப்பாக இருக்கும் கிழங்குக்குள் ரால்ஸ்டோனியா உறங்கிக்கொண்டு கப்பலேறும். இஞ்சியைத் தாக்கும் வகை மிக வேகமானது, சில நாளில் ஒரு பாத்தியையே படுக்க வைத்துவிடும். வேரோடு மண் ஒட்டிய அலங்காரச் செடிகளும் பழ நாற்றுகளும் அதே கப்பலில்தான் வருகின்றன. மாநிலத்துக்கு மாநிலம் செடி, விதை கொண்டுபோவதைத் தடுக்க 1914-ஆம் ஆண்டின் பூச்சி, நோய்ச் சட்டத்தில் வழியிருக்கிறது. டார்ஜிலிங்கின் உருளைக்கிழங்கு மரு நோய்க்காக அது பயன்பட்டும் இருக்கிறது. தீவுகளின் துறைமுகத்தில் விதை இஞ்சி மூட்டையை ஒருவர் திறந்து, கிழங்கை ஒடித்து, டம்ளர் தண்ணீரில் முக்கிப் பார்ப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல.

துறைமுகத்தைக் காத்தாலும், மண்ணுக்குள் ஏற்கெனவே இருப்பதைக் குறைக்க ஒரு பருவம் வேண்டும். டிசம்பர் கடைசியில் மழை நிற்கிறது. நாற்றங்கால் மண்ணை நனைத்து மெல்லிய கண்ணாடி நிறப் பாலித்தீன் தாளை இறுக்கி மூடி, ஓரத்தில் மண் அணைத்து நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் வேகவிடும் முறையை இஸ்ரேலின் யாக்கோவ் கட்டான் 1976-இல் உலகுக்குச் சொன்னார். அதற்கு வேண்டிய தொடர் வெயில் அந்தமானில் சனவரி முதல் ஏப்ரல் வரைதான். அந்த மாதங்களில் மூடி வைத்த மண் அடுத்த பருவத்து நாற்றுக்கே உதவும். சனவரி நடுவில் ஒட்டுக் கத்தரி நட நினைப்பவர் கத்தரி விதையை நவம்பரில் போட்டால் போதும். முளைக்க அடம்பிடிக்கும் சுண்டை விதையை அக்டோபர் தொடக்கத்திலேயே, வெளியே அடைமழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே, பாலித்தீன் கூரைக்கடியில், சென்ற கோடையில் வேகவைத்து எடுத்துவைத்த மண்ணில் தூவியாக வேண்டும்.